'இன்னைக்குப் பாடு இல்லை': நல்லவிதமாக நினைக்கப் பழக ஒரு முழு வழிகாட்டி

பாம்பன் தெற்குவாடியில் படகுகள் கரை திரும்பும் நேரத்தில் போய் நின்றால் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். "பாடு எப்படி?" மீன்பாட்டைக் கேட்கிறார்கள். கூடை நிறைந்தவர் பதில் சொல்வதற்குள் வியாபாரிகள் சூழ்ந்துகொள்வார்கள். வெறும் மடியோடு வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்வார்: "இன்னைக்குப் பாடு இல்லப்பா."

நான் பக்கத்தில் வலைக்கடை வைத்திருக்கிறேன். நூல், மிதவை, ஈயக்குண்டு, கயிறு எல்லாம் விற்கிற சின்னக் கடை. அந்த வாக்கியத்தை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். அதில் 'இன்னைக்கு' என்று ஒரு சொல் இருப்பது மட்டும் ரொம்ப நாள் என் காதில் விழவில்லை. டீசல் காசு போயிருக்கிறது, ஐஸ் கரைந்திருக்கிறது, கூட வந்த ஆட்களுக்குக் கொடுக்கப் பங்கு இல்லை. அப்படியும் அவர் "எனக்கு ராசியில்லை" என்றோ "கடல் செத்துப்போச்சு" என்றோ சொல்வதில்லை. (சிலர் சொல்வார்கள். அவர்களிடம் அப்புறம் வருகிறேன்.) தோல்வியை ஒரு நாளுக்குள் கட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

இது எனக்கு உறைக்க ஒரு கெட்ட வருடம் தேவைப்பட்டது. குரூப் 4 தேர்வை மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை நாலே நாலு கேள்வியில் போனது. அதற்குப் பிறகு கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன், தெருவில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன், பகலில் தூங்கினேன். மாமாதான் இழுத்து வந்து கடையில் உட்கார வைத்தார். "நூல் எண் தெரியாதா? பரவாயில்ல மாப்ள, நிறை பார்த்துக் கொடு, போதும்" என்றார்.

அப்போதிருந்து படித்தும் செய்தும் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். முழுக்க ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். மனசில் முதலில் வந்து விழும் நினைப்பு நம் கையில் இல்லை. அதற்கு அடுத்து வருகிற இரண்டாவது நினைப்பு நம் கையில் இருக்கிறது. அந்த இரண்டாவதை எப்படிப் பழக்குவது என்று பார்ப்போம்.

தொடங்கும் முன் தூக்கிப் போட வேண்டியவை

"நல்லதே நினை, நல்லதே நடக்கும்" என்று ஆட்டோ முதுகில் எழுதியிருக்கும். எழுதட்டும். அதையே முறையாக எடுத்துக்கொண்டு இறங்கினால் ஏமாற்றம்தான். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அடித்துப்போன புயல், அங்கே இருந்தவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு வரவில்லை. பாம்பனிலிருந்து கிளம்பிய ரயிலே பயணிகளோடு அலைக்குள் போனது. இந்தக் கரையில் வளர்ந்த யாரிடமும் 'மனசு வைத்தால் புயல் விலகும்' என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

கனடாவில் ஜோன் உட் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். "நான் அன்புக்குரியவன்" என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தன்மேல் மதிப்பு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கு மனநிலை இன்னும் கீழே போனது. யாருக்கு அந்த மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி முன்னால் நின்று "நான் வெற்றியாளன்" என்று நானும் ஒரு மாதம் சொல்லிப் பார்த்தேன். வாய் சொன்னது, உள்ளே இருந்தவன் "யாருடா நீ?" என்றான்.

ஜெர்மனியில் பிறந்த உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் 1991-இல் வெளியிட்டது இன்னும் சுவாரஸ்யம். எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களை அவர் கவனித்தார். 'என்னால் குறைக்க முடியும்' என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் குறைத்தார்கள். ஒல்லியாகிவிட்டது போலவே இனிக்க இனிக்கக் கனவு கண்டவர்கள் குறைவாகத்தான் குறைத்தார்கள். கனவிலேயே சாப்பாடு முடிந்துவிட்டால் அப்புறம் யார் அடுப்பு மூட்டுவது? எதிர்பார்ப்பு வேறு, பகல் கனவு வேறு. இந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காமல் மேலே வாருங்கள்.

முதல் படி: ஒரு வாரம் பிடித்து மட்டும் வையுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். ஏழு நாளைக்கு உங்கள் நினைப்புகளை எழுதி வையுங்கள், அவ்வளவுதான். 40 பக்க நோட்டு போதும். போனிலும் எழுதலாம், ஆனால் போனைத் திறந்தால் வேறு எங்கோ போய்விடுகிறேன் என்பது என் அனுபவம். பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் என்ன நடந்தது. இரண்டாவதில் மனசு என்ன சொன்னது. மூன்றாவதில் அப்போது உடம்பில் என்ன ஆனது. நெஞ்சு படபடப்பு, வயிற்றில் கனம், பசி போனது, எதுவாக இருந்தாலும் சரி.

எழுதும்போது முதல் இரண்டு கட்டங்களும் குழம்பும். "மச்சான் என்னை மதிக்கவில்லை" என்று முதல் கட்டத்தில் எழுதுவோம். அது நடந்தது கிடையாது. நடந்தது இது: "புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு மச்சான் போனில்தான் சொன்னார், நேரில் வரவில்லை." மதிக்கவில்லை என்பது மனசு போட்ட உரை. அந்த இடத்தில் ஒரு கேமரா இருந்திருந்தால் எதைப் படம் பிடித்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவில் விழுவது மட்டும் முதல் கட்டத்துக்கு. இதைப் பிரிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது. இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வு நோயாளிகளோடு பேசும்போது கண்டுகொண்டது இதைத்தான். அவர்களுக்குள் சின்னச் சின்ன நினைப்புகள், அழைக்காமலே, மின்னல் மாதிரி வந்து போகின்றன. வந்ததைக்கூட கவனிக்காமல் அதன் பின்னால் வரும் துக்கத்தை மட்டும் அனுபவிக்கிறார்கள். 'தானாக வரும் நினைப்புகள்' என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் சிந்தனை நடத்தை சிகிச்சையின் அடித்தளம் அதுதான்.

வார முடிவில் நோட்டைப் புரட்டினால் மூன்று நான்கு வாக்கியங்கள்தான் வேஷம் மாற்றி மாற்றி வந்திருக்கும். எனக்கு இரண்டு: "நான் எதுக்கும் லாயக்கில்லை", "எல்லாரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்". என் சித்திக்கு ஒன்றே ஒன்று: "ஏதோ ஆகிப்போச்சு."

இரண்டாம் படி: மூன்று கேள்விகள்

1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களை வைத்து நடத்திய சோதனை, படிக்கவே கஷ்டமாக இருக்கும். என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியைச் சில நாய்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு, சின்னத் தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டார்கள். பெரும்பாலான நாய்கள் தாண்டவே இல்லை, படுத்து முனகின. 'கற்றுக்கொண்ட இயலாமை' என்று அதற்குப் பெயர் வந்தது. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாய்கள் அப்போதும் விடாமல் முயன்றன. அது ஏன் என்ற கேள்வி செலிக்மனை விடவில்லை. மனிதர்களிடம் வந்தபோது, கெட்டது நடந்ததும் அதற்கு ஒருவர் தனக்குள் என்ன விளக்கம் சொல்லிக்கொள்கிறார் என்பதில் பெரிய வித்தியாசம் இருப்பதைப் பார்த்தார். அந்த விளக்கத்தை மூன்று பக்கமாக உடைத்தார். நம் ஊர்ப் பேச்சில் அது மூன்று கேள்வி.

முதல் கேள்வி: இன்றைக்கா, என்றைக்குமா? "இன்னைக்குப் பாடு இல்லை" என்பது இன்றைக்கு. "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்பது என்றைக்கும். உங்கள் நோட்டின் இரண்டாவது கட்டத்தில் 'எப்பவும்', 'ஒருநாளும்', 'இனிமேல்' என்ற சொற்களைத் தேடிக் கோடு போடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு தேதியாக மாற்ற முடியுமா பாருங்கள். "அவர் எப்பவும் என் பேச்சைக் கேட்பதில்லை" என்பது "செவ்வாய்க்கிழமை கேட்கவில்லை" என்று சுருங்கினால், செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று யோசிக்க இடம் கிடைக்கும்.

இரண்டாவது கேள்வி: இது மட்டுமா, எல்லாமுமா? இதற்கு எங்கள் தீவைவிட நல்ல பாடம் கிடையாது. இங்கே தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள், வடக்கே பாக் நீரிணையைப் பெண்கடல் என்பார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடை தொடங்கினால் வடக்கே அலை ஏறும், தெற்கே அடங்கும். தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் ஒரு பக்கம் சீற்றமும் மறு பக்கம் அமைதியும் ஒரே பார்வையில் தெரியும். தெற்கே மட்டும் பார்த்துக்கொண்டு நின்றவன் "கடல் முழுக்கக் கெட்டுக் கிடக்கு" என்று வீட்டில் போய்ச் சொன்னால் என்ன சொல்வீர்கள்? தேர்வில் தோற்ற நான் அதைத்தான் சொன்னேன். போனது ஒரு தேர்வு. கூடவே என் நட்பு, என் குரல், என் நடை, எல்லாமே தோற்றுப்போனதாகக் கணக்கு எழுதிவிட்டேன்.

மூன்றாவது கேள்வி: நான் மட்டுமா, வேறு காரணமும் உண்டா? இதில்தான் கவனம் வேண்டும். பழியை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதற்கான கேள்வியில்லை இது. கிழிந்த வலையைப் பொத்தாமல் கொண்டுபோய்விட்டு நீரோட்டத்தைத் திட்டுகிறவர்கள் என் கடைக்கும் வருவார்கள். காரணங்களை எல்லாம் வரிசையாக எழுதுங்கள், உங்கள் பங்கையும் சேர்த்து. என் பட்டியல் இப்படி இருந்தது: இடங்களைவிட எழுதியவர்கள் பல மடங்கு. கணக்குப் பகுதியை நான் கடைசி இரண்டு வாரம்தான் பார்த்தேன். தேர்வுக்கு முந்தின இரவு தூங்கவில்லை. முதலாவது என் கையில் இல்லை. மற்ற இரண்டும் என் கையில் இருந்தன. 'லாயக்கில்லை' என்று எங்கும் வரவில்லை, அப்படி ஒரு காரணமே கிடையாது என்பதால்.

நல்லது நடக்கும்போது நாம் செய்வது இதற்கு நேர் எதிர். வியாபாரம் நன்றாக ஓடினால் "ஏதோ இன்னைக்கு அதிர்ஷ்டம்" என்று ஒரே நாளில் அடக்கிவிடுகிறோம். அங்கேயும் அதே மூன்று கேள்வியைக் கேளுங்கள். அதிர்ஷ்டம் மட்டும்தானா? கொடுத்த அளவு சரியாக இருந்ததால் அவர் திரும்ப வந்தார் என்றும் இருக்கலாமே.

மூன்றாம் படி: இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருக்கட்டும்

இப்போது நோட்டில் நான்காவது கட்டம் போடுங்கள். மனசு சொன்ன வாக்கியத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வாக்கியம் எழுத வேண்டும். ஒரே ஒரு விதிதான்: அது உண்மையாக இருக்க வேண்டும். இனிப்பாக இருக்க வேண்டியதில்லை.

மகள் கணக்கில் 38 வாங்கிவந்தாள் என்று வைத்துக்கொள்வோம். மனசு சொல்வது: "இவளுக்குப் படிப்பு ஏறாது." பக்கத்தில் "என் மகள் மேதை" என்று எழுதினால் நோட்டே சிரிக்கும். இப்படி எழுதலாம்: "இந்தப் பருவத்தில் கணக்கில் 38, தமிழில் 81. பின்னம் வந்த இடத்தில்தான் மதிப்பெண் போயிருக்கிறது. பின்னத்தை யாராவது சொல்லிக்கொடுத்தால் பார்க்கலாம்." தேதி இருக்கிறது, எல்லை இருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்றும் இருக்கிறது.

சீட்டுப் பணம் போனது. மனசு: "யாரையும் நம்பக் கூடாது." இரண்டாவது வாக்கியம்: "ஒருத்தர் ஏமாற்றினார். அதே தெருவில் ஐஸ் கொடுக்கிறவர் மூன்று வருடமாக எழுதாத கணக்கில் எனக்குக் கடன் கொடுக்கிறார். இனிமேல் பதிவு செய்த சீட்டில் மட்டும் சேர்வேன்." ஏமாந்த வருத்தம் இதனால் போகாது. போக வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

சரி, "கடல் செத்துப்போச்சு" என்று சொல்கிறவர்களிடம் வருகிறேன். அவர்களை அவநம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. ஒருவர் ஒரு நாள் வெறும் மடியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். இன்னொருவர் முப்பது வருடம் கடலுக்குப் போனவர், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மீன் கிடைத்தது, எப்போது நின்றது என்று சொல்லத் தெரிந்தவர். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டு மகனைக் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் படிப்பில் சேர்த்துவிட்டார். அவர் வாயில் வந்தது அவநம்பிக்கையான வார்த்தையாக இருக்கலாம், செய்தது நம்பிக்கையான வேலை.

நான்காம் படி: தள்ளிவிடாதீர்கள்

இது சின்னப் படி. கெட்ட நினைப்பை 'வராதே' என்று தள்ளினால் அது இன்னும் நெருக்கும். 1987-இல் டேனியல் வெக்னர் என்பவர் மாணவர்களிடம் "வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள்" என்று சொல்லிப் பார்த்தார். ஐந்து நிமிடத்துக்குள் கரடி திரும்பத் திரும்ப வந்தது. நம் ஊரில் மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதை அதைவிடப் பழையது. நினைப்பு வந்தால் "வந்துட்டியா, உட்காரு" என்று விட்டுவிட்டு நோட்டில் எழுதுங்கள். போதும்.

ஐந்தாம் படி: நடந்த நல்லதையும் வரவு வையுங்கள்

மனித மனசு கெட்டதைக் கெட்டியாகப் பிடிக்கும், நல்லதை வழுக்க விடும். கயிற்றைப் பாம்பு என்று நினைத்துத் தாவினவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பாம்பைக் கயிறு என்று நினைத்தவனுக்கு அடுத்த தலைமுறை இல்லை. தாவினவனின் பேரன் பேத்திகள்தான் நாம். அதனால் நல்லதைக் கொஞ்சம் வேண்டுமென்றே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. பழிக்கணக்கு தானாக எழுதிக்கொள்ளும்.

2003-இல் ராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இருவர், வாரத்துக்கு ஒருமுறை நன்றிக்குரிய ஐந்து விஷயங்களைப் பத்து வாரம் எழுதச் சொன்னார்கள். அந்தக் குழுவினர், தொல்லைகளை எழுதிய குழுவைவிடத் தங்கள் வாழ்க்கையை நல்லவிதமாகப் பார்த்தார்கள். 'தினமும்' என்று எல்லாரும் அடித்துச் சொல்கிறார்கள். எனக்குத் தினமும் எழுதினால் பத்தாம் நாள் பள்ளிக்கூட வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிடுகிறது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் எழுதுகிறேன், நாளுக்கு மூன்று.

"குடும்பம், ஆரோக்கியம், கடவுள்" என்று எழுதாதீர்கள். அது மந்திரம் மாதிரி ஓடிவிடும். ஆள், இடம், நேரம் இருக்கட்டும். "நண்டு வலை பிரிக்க ஆள் இல்லாமல் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் கேட்காமல் வந்து உட்கார்ந்தான்." "மண்டபத்திலிருந்து திரும்பும்போது பாலத்தில் பஸ் ஐந்து நிமிடம் நின்றது, காற்று நன்றாக இருந்தது." பக்கத்திலேயே அது ஏன் நடந்தது என்று ஒரு வரி. பையன் ஏன் வந்தான்? போன மாதம் அவன் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் கொடுத்தேன். இந்த 'ஏன்'தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. நல்லது வானத்திலிருந்து விழவில்லை என்று அது காட்டிக்கொடுக்கிறது.

ஆறாம் படி: ஆசையோடு தடையையும் கட்டுங்கள்

நல்ல பாடு கிடைக்கும் என்று நம்பித்தான் படகு கிளம்புகிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் பெட்டி பெட்டியாக ஐஸ் எதற்கு? அதே படகில் உபரிக் கயிறு, உபரி நங்கூரம், உயிர்காப்பு மிதவை எல்லாம் இருக்கும். அதை வைக்கிறவரைப் பார்த்து "கெட்டதையே நினைக்கிறாய்" என்று யாரும் சொல்வதில்லை.

ஓட்டிங்கன் சொல்லும் முறையும் கிட்டத்தட்ட இப்படித்தான். முதலில் வேண்டியதை நினையுங்கள். கிடைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் பாருங்கள். உடனே, எனக்குள் இருக்கும் எது இதைத் தடுக்கும் என்று கேளுங்கள். கடைசியாக, அந்தத் தடை வந்தால் என்ன செய்வேன் என்று 'வந்தால் செய்வேன்' வடிவில் ஒரு வாக்கியம் கட்டுங்கள். இந்த வாக்கிய வடிவம் பீட்டர் கோல்விட்சர் என்பவரின் ஆய்விலிருந்து வந்தது.

என் வாக்கியங்களில் சில: "ராத்திரி படுத்ததும் கடன் கணக்கு மண்டையில் ஓட ஆரம்பித்தால், எழுந்து அதை நோட்டில் எழுதி காலை ஒன்பது மணி என்று நேரம் போடுவேன்." "பழைய வகுப்புத் தோழன் அரசு வேலைப் படத்தைப் போட்டதைப் பார்த்து வயிறு எரிந்தால், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு கண்டு நூல் சுற்றுவேன்." அற்பமாகத் தெரியும். அற்பமாக இருப்பதால்தான் செய்ய முடிகிறது.

பெரிய காரியத்துக்கும் இதே வழிதான். 1964 புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. அதைச் சரிசெய்ய ஆறு மாதம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலுக்குள் விழுந்து கிடந்த இரும்புத் தூலங்களைத் தேடி மீட்டு, திரும்பவும் ஏற்றிப் பொருத்தினார்கள். 'பாலம் நிமிர்ந்துவிடும்' என்று உட்கார்ந்து நினைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அடுத்த தூலம் எங்கே கிடக்கிறது என்பதுதான் ஒவ்வொரு நாளின் கேள்வியாக இருந்திருக்கும். உங்கள் கவலையிலும் அடுத்த தூலம் எது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: பயம் பொய்யாக இல்லாதபோது

சித்தி மகன் விசைப்படகில் போகிறான். படகு வர நேரமானால் சித்திக்கு அந்த ஒரே வாக்கியம் வந்துவிடும். அவளிடம் போய் "நல்லவிதமா நினை சித்தி" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்தக் கரையில் படகுகள் பிடிபடுகின்றன, ஆட்கள் மாதக்கணக்கில் இலங்கைச் சிறையில் இருக்கிறார்கள். அவள் பயம் கற்பனை இல்லை.

நாங்கள் சேர்ந்து கண்டுபிடித்தது இதுதான். பயம் வந்தால் செய்யக்கூடியது என்ன என்று அவளே ஒரு பட்டியல் போட்டாள். படகு உரிமையாளருக்குப் போன். கூடப் போய்த் திரும்பிய படகுக்காரர்களிடம் விசாரணை. சங்கத்தில் ஒரு வார்த்தை. மூன்றும் முடிந்தால் பட்டியல் முடிந்தது. அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை என்பதை உரக்கச் சொல்லிவிட்டு அரிசி களைய எழுந்துவிடுவாள். "பயம் போச்சா சித்தி?" என்று கேட்டேன். "எங்கடா போகும்? அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு உலை வைக்கிறேன்" என்றாள்.

எட்டாம் படி: உடம்பும் சும்மா இருக்கும் நாட்களும்

தூக்கம் கெட்டால் இந்த ஏழு படியும் வேலை செய்யாது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வேலையில்லாத நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். எட்டு வருடமாகக் கடையிலிருந்து பார்க்கிறேன். அந்த இரண்டு மாதத்தில் படகுக்கு வர்ணம் அடித்து, வலை பொத்தி, எதையாவது செய்துகொண்டிருக்கிறவர்கள் ஜூனில் முகம் தெளிந்து வருகிறார்கள். சீட்டாட்டத்திலும் தூக்கத்திலும் விட்டவர்கள் கறுத்த முகத்தோடு வருகிறார்கள். மனசு தெளிந்தால் வேலை செய்யலாம் என்று காத்திருப்பதைவிட, ஒரு மணி நேர வேலையைத் தொட்டுவிட்டால் மனசு பின்னாலேயே வருகிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இதையே ஒரு முறையாகப் பயன்படுத்துகிறார்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நேரம் குறித்துச் சின்ன வேலைகளைச் செய்ய வைக்கிறார்கள்.

டீக்கடையையும் பாருங்கள். ஒரு கடையில் உட்கார்ந்து எழுந்தால் உலகமே அழிந்த மாதிரி இருக்கும், இன்னொன்றில் அதே செய்தியைப் பேசிவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்பார்கள். நடை கொஞ்சம் அதிகமானாலும் நான் இரண்டாவதற்குப் போகிறேன்.

எத்தனை நாள் ஆகும்?

21 நாள் என்று சொல்வதை நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரைக் கவனித்தார். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு வந்தது. அவர்கள் பார்த்தது தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது போன்ற சின்னப் பழக்கங்கள். நினைப்பைப் பழக்க இன்னும் கொஞ்சம் கூடலாம். தடைக்காலம் அளவுக்கு ஒரு காலத்தை முதலில் ஒதுக்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லை. விட்ட நாளை எண்ணிக்கொண்டிருக்காமல் மறுநாள் எழுதுங்கள்.

ஏற்கெனவே செய்யும் வேலையோடு கட்டிவிடுவது நல்லது. கடை பூட்டி, சாவியை ஆணியில் மாட்டியதும் நோட்டை எடுப்பேன். சாவிச் சத்தம்தான் எனக்கு மணி. வீட்டில் இருப்பவர்கள் பாத்திரம் கவிழ்த்த கையோடு செய்யலாம்.

இந்த வழிகாட்டி யாருக்கு ஆகாது

சாவு வீட்டில் இதைப் பேசாதீர்கள். கூலி மறுக்கப்பட்டவரிடம் பேசாதீர்கள். அவருக்குத் தேவை கூலி.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமில்லை, தூக்கமும் சாப்பாடும் மாறிவிட்டன, சாகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறது என்றால் நோட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், 104-லும் பேசலாம். அது மன உறுதி இல்லாததால் வருவதில்லை, நோய்.

எங்கள் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017-இன் மனநலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஏர்வாடி தர்காவில் மருந்தும் வேண்டுதலும் சேர்ந்தே கிடைக்கட்டும் என்று 'தவா துவா' திட்டம் வந்தது. வேண்டிக்கொள்ளுங்கள், மாத்திரையையும் சாப்பிடுங்கள், இரண்டுக்கும் சண்டை இல்லை. வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கும்போது "நல்லதா நினைச்சாத்தான் சரியாகும்" என்று சொல்லி நாளைக் கடத்துவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை அந்த வருடம் யாராவது மருத்துவரிடம் கூட்டிப் போயிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

நேற்றைய என் நோட்டு

நடந்தது: வலை வாங்கி நாலு மாதமான ஒருவர், பாக்கியைக் கேட்டதும் பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிவிட்டார். மனசு சொன்னது: "இளிச்சவாயன்னு எழுதி ஒட்டியிருக்கு." உடம்பு: காது சூடு, மதியம் சாப்பிடவில்லை. மூன்று கேள்வி கேட்டேன். இன்றைக்குத்தான், இவர் ஒருவர்தான், அதோடு போன வாரம் அவர் படகில் இயந்திரம் பழுது என்று கேள்விப்பட்டேன். நான்காவது கட்டம் காலியாக இருக்கிறது. இரண்டாவது வாக்கியம் நேற்று வரவில்லை. சாவியை மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.